டெங்கு வாட்டில் பிள்ளையோடு நிற்பவருக்கு: தண்ணீர்க் கணக்கு வைக்கும் முறை

கார்த்திகை பிறந்து வடகீழ் பருவமழை பிடித்தால் வன்னியில் டெங்கும் சேர்ந்து வரும். தை முடியும்வரை பிள்ளைகள் வாட்டுகளில் கட்டில் கிடைப்பதே பெரும்பாடு. பிள்ளைக்கு டெங்கு என்று சந்தேகப்பட்டு மறித்துவிட்டார்கள் என்றால், உங்கள் கையில் ஒரு தாளைத் தந்து, "அம்மா, குடிக்கிறதையும் சலம் போறதையும் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவா. எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. எதை எழுதுவது, எப்படி அளப்பது, ஏன் ஒரு நேரம் "குடியுங்கோ" என்றும் இன்னொரு நேரம் "குடுக்க வேண்டாம்" என்றும் சொல்கிறார்கள் என்பதை விளங்கப்படுத்த அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு தாதியர் என்றால் எப்படி இருக்கும்? நான் பக்கத்துக் கட்டில் அம்மாமாரிடமும், பிறகு யாழ்ப்பாணத்தில் பொறுமையான ஒரு டொக்ரரிடமும் கேட்டுக் கேட்டு அறிந்ததை இங்கே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

மருந்தையும் சேலைனையும் தீர்மானிப்பது டொக்ரர். ஆனால் அவர் தீர்மானிப்பது நீங்கள் எழுதிய இலக்கங்களைப் பார்த்துத்தான். ஆகவே கீழே வரும் கணக்குகள் தாளைச் சரியாக எழுதவும், தாளில் ஏதோ பிழைக்கிறது என்று நேரத்துக்குக் கண்டுபிடிக்கவும் மட்டுமே. வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்க அல்ல.

1. காய்ச்சல் தொடங்கிய நாளையும் மணியையும் எழுதி வையுங்கள்

"திங்கள் இரவு" என்று சொன்னால் போதாது. திங்கள் இரவு 8 மணி என்று கலண்டரில் எழுதுங்கள். வாட்டில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், ஏனென்றால் ஆபத்தான காலம் எப்போது வரும் என்பதை அதிலிருந்துதான் எண்ணுவார்கள். டெங்குக் காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள்வரை நிற்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டி, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கசிவு வராது. வருபவர்களுக்கு அது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

அதனால்தான் "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று வீட்டில் நிம்மதிப்படுவது பெரிய பொறி. காய்ச்சல் விட்ட பிள்ளை விளையாடி, சாப்பாடு கேட்டால் நல்லது. காய்ச்சல் விட்ட பிறகு சோர்ந்து சுருண்டு கிடந்தால் உடனே வெளிக்கிடுங்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் இல்லை. கொடுத்தும் சூடு குறையாவிட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரால் உடம்பைத் துடையுங்கள். இபுபுரூஃபன், டைக்குளோஃபெனக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், பின்வழி வைக்கும் குளிசையும் வேண்டாம். அவை இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை. பப்பாசி இலைச் சாற்றை அம்மம்மா அரைத்துக்கொண்டு வருவா. அன்போடுதான் வருவா. ஆனால் அதைக் குடித்துப் பிள்ளை சத்தியெடுத்தால் அது நோயின் வாந்தியா சாற்றின் வாந்தியா என்று டொக்ரராலும் சொல்ல முடியாது.

2. எப்போது, எங்கே போவது

மூன்றாம் நாளில் எஃப்.பி.சி (முழுக் குருதி எண்ணிக்கை) இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் கடுமையாக இருந்தால், அல்லது பிள்ளை ஒரு வயதுக்கு உட்பட்டதென்றால், அதற்கும் முன்பே. கையில் காசு குறைவென்றால் டெங்கு அன்ரிஜன் பரிசோதனையை விட எஃப்.பி.சிக்குச் செலவழிப்பது நல்லது என்பது என் எண்ணம். அன்ரிஜன் முதல் சில நாட்களில்தான் காட்டும். அது இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லை என்றாகாது. எஃப்.பி.சியோ வெண்குருதிக்கலம், குருதிச் சிறுதட்டு, பி.சி.வி (இரத்தத்தில் செங்குருதிக்கலம் எத்தனை வீதம் என்பது) மூன்றும் எந்தப் பக்கம் போகின்றன என்று காட்டும். ஒற்றை ரிப்போட்டைவிட அடுத்தடுத்த ரிப்போட்டுகள் பெறுமதியானவை. ஆகவே பழையதை எறிய வேண்டாம். இரத்தம் எடுத்த மணியை ஒவ்வொன்றின் மூலையிலும் எழுதுங்கள்.

இவை தெரிந்தால் இலக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம்: விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், கைகால் குளிர்தல், நித்திரைத் தூக்கம் அல்லது காரணமில்லாத அந்தரம், ஆறு மணி நேரமாகச் சலம் போகாமல் இருத்தல்.

இனி எங்கே என்பது. புதுக்குடியிருப்பு, மல்லாவி போன்ற ஆதார வைத்தியசாலைகள் கிட்ட இருந்தால் அங்கே போய்ப் பார்த்து, அவர்கள் அனுப்பினால் மேலே போகலாம். மாவட்டப் பொது வைத்தியசாலை கிளிநொச்சியிலும், முல்லைத்தீவில் மாஞ்சோலையிலும், வவுனியாவிலும், மன்னாரிலும் இருக்கிறது. எது கிட்டவோ அதற்கு நேரே போனாலும் ஒருவரும் திருப்பி அனுப்புவதில்லை. 1990 இலவச அம்புலன்ஸ் வடக்கிலும் ஓடுகிறது. கூப்பிடும்போது வீட்டு இலக்கம் சொல்வதால் பயனில்லை. சந்தி, பாடசாலை, கோயில் என்று சொல்லி, ஒருவரை ரோச்லைட்டுடன் வீதியில் நிறுத்துங்கள்.

மழைக்காலத்தில் இருட்ட முன் வெளிக்கிடுவது மிக முக்கியம். குளம் வான் பாய்ந்தால் உள்வீதிகள் மூடப்படும், ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் யானை நிற்கும். "விடியப் பாப்பம்" என்று படுத்துவிட்டு நடுச்சாமத்தில் ஓட்டோ தேடுவதைவிட, பின்னேரம் நாலு மணிக்கே போய் "ஒண்டுமில்லை, வீட்ட போங்கோ" என்று கேட்டுக்கொண்டு வருவது ஆயிரம் மடங்கு நல்லது.

3. பையில் வைக்க வேண்டியவை

ஆவணங்கள்: பிள்ளையின் கிளினிக் புத்தகம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, நிற்கப் போகும் ஆளின் அடையாள அட்டை, இதுவரை செய்த இரத்த ரிப்போட்டுகள், ஏற்கெனவே வேறு நோய்க்குக் கிளினிக் போகும் பிள்ளையென்றால் அந்தக் கொப்பியும் குடிக்கும் மருந்துகளும். இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தண்ணீர் அளவு வேறு விதமாகத்தான் வைப்பார்கள். ஆகவே அதை வாசலிலேயே சொல்லுங்கள். ஒவ்வாத மருந்து ஏதும் இருந்தால் கிளினிக் புத்தகத்தின் முன் அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள்.

அளவுச் சாமான்கள்: மில்லிலீட்டர் கோடு போட்ட சிறிய பிளாஸ்டிக் ஜக் இரண்டு. ஒன்று குடிப்பதற்கு, மற்றது சலத்துக்கு. இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும், ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பாணி மருந்தோடு வரும் சின்ன அளவுக் கோப்பை, ஊசியில்லாத 10 மில்லிலீட்டர் சிரிஞ்ச், பொட்டி அல்லது அகன்ற பேசின், எழுத ஒரு கொப்பி, நூல் கட்டிய பேனை. பேனையைத்தான் எல்லாரும் கடன் கேட்பார்கள், திரும்பி வராது.

உடுப்பு, சுடுதண்ணிப் பிளாஸ்க், நுளம்பு வலை, சார்ஜர். பெரும்பாலான பிள்ளைகள் வாட்டுகளில் இரவில் பெண் ஒருவரைத்தான் நிற்க விடுவார்கள். அம்மா இல்லாத வீட்டில் சித்தியோ அப்பம்மாவோ யார் நிற்பது என்பதை முதலே தீர்மானியுங்கள். நிற்பவர் இலக்கம் எழுதத் தெரிந்தவராக இருந்தால் பெரும் உதவி.

4. நிறையைச் சரியாக நிறுக்கச் சொல்லுங்கள்

எல்லாக் கணக்கும் பிள்ளையின் நிறையில் நிற்கிறது. "போன மாசம் 18" என்று வாயால் சொல்ல வேண்டாம். தராசில் ஏற்றி நிறுத்து, அந்த இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். குண்டான பிள்ளைக்கு உண்மையான நிறையை வைக்காமல் உயரத்துக்கும் வயதுக்கும் உரிய நிறையை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அப்போது இலக்கம் வேறாக இருக்கிறதே என்று பதறாதீர்கள்.

5. உள்ளே போவதை அளத்தல்

வாயால் போவதும் சேலைனால் போவதும் ஒரே கணக்கு. இது பலருக்குத் தெரியாது. சேலைன் ஓடும்போது மாமி வந்து செவ்விளநீர் ஒன்றை முழுதாகக் கொடுத்துவிட்டுப் போவா, தாளில் ஏறாது. அங்கேதான் கணக்கு உடையும்.

"ஒரு கப்", "அரைப் பேணி" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கப்பும் ஒவ்வொரு அளவு. ஜக்கில் அளந்து ஊற்றி, பிள்ளை மிச்சம் விட்டதைத் திரும்ப அளந்து கழித்து எழுதுங்கள். 100 ஊற்றி 35 மிஞ்சினால் உள்ளே போனது 65. கஞ்சி, சூப், பால் எல்லாம் இதில் சேரும். ஐஸ்கட்டி கொடுத்தால் உருகிய அளவு. தோடம்பழம், வத்தகப்பழம் போன்றவற்றைச் சாப்பிட்டால் எத்தனை துண்டு என்று குறிப்பில் எழுதுங்கள், அவர்கள் மதிப்பிட்டுக்கொள்வார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தொடங்கிய மணியும் முடித்த மணியும் போதும்.

என்ன கொடுப்பது? ஜீவனி (பக்கெற்றில் வரும் ஓ.ஆர்.எஸ் உப்புக் கரைசல்), கஞ்சித் தண்ணீர், இளநீர், பால், வீட்டில் பிழிந்த பழச்சாறு. வெறும் தண்ணீரை மட்டும் வாளி வாளியாகக் கொடுத்தால் உடம்பில் உப்பு இறங்கி, வலிப்புவரை போகலாம். ஜீவனியைப் பக்கெற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பக்கெற்றைக் கண்ணளவில் போட்டு ஒரு கிளாஸில் கலக்கினால் உப்புக் கூடிவிடும். கரைத்ததை 24 மணிக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள்.

சிவப்பு, மண்ணிறம், கறுப்பு நிறத்தில் எதுவும் வேண்டாம்: நெக்டோ, மைலோ, பீற்றூட், சொக்கலேற். பிள்ளை சத்தியெடுத்தால் அது இரத்தமா நெக்டோவா என்று ஆராய்ந்துகொண்டு நிற்க நேரிடும்.

குடிக்க மறுக்கும் பிள்ளைக்குச் சிரிஞ்ச்தான் வழி. ஐந்து ஐந்து மில்லிலீட்டராகக் கன்னத்துப் பக்கமாக விடுங்கள், சில நிமிடம் விட்டு அடுத்தது. ஒரே மூச்சில் 100 கொடுத்தால் அவ்வளவும் திரும்பி வரும்.

6. வெளியே வருவதை அளத்தல்

பெடியனுக்குச் சுலபம், வாய் அகன்ற போத்தல் போதும். பெட்டைப் பிள்ளைக்குப் பொட்டி அல்லது பேசின். மலசலகூடம் வாட்டின் அந்தத் தொங்கலில் இருக்கும். பிள்ளை "அம்மா சலம் வருது" என்றதும் தூக்கிக்கொண்டு ஓடி, எல்லாம் குழிக்குள் போய்விடும். பேசினைக் கட்டிலுக்குக் கீழே வையுங்கள், வெட்கப்படும் பிள்ளைக்குச் சீலையால் மறைத்துவிடுங்கள். அப்படியும் தவறிப் போனால் ஊகித்து ஓர் இலக்கம் போடாமல், "2.15, போனது, அளக்கவில்லை" என்றே எழுதுங்கள். பொய் இலக்கம் வெறும் இடத்தைவிட மோசம்.

பம்பேர்ஸ் போடும் குழந்தைக்கு, புதியதைக் கட்டுமுன் நிறுங்கள். நனைந்ததை நிறுங்கள். வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மில்லிலீட்டர். புதியது 25 கிராம், நனைந்தது 80 கிராம் என்றால் 55 மில்லிலீட்டர். வாட்டில் தராசு இருக்கும். இல்லையென்றால் சமையலறைக்கு விற்கும் சின்ன டிஜிற்றல் தராசு போதும். மலம் கலந்திருந்தால் அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

வாந்தியை முடிந்தால் பேசினில் பிடித்து அளவுங்கள், முடியாவிட்டால் மதிப்பிட்டு நிறத்தைச் சேருங்கள். மலத்துக்கு எத்தனை தரம், என்ன நிறம்.

7. தாள் எப்படி இருக்க வேண்டும்

வாட்டில் அச்சுத்தாள் தந்தால் அதிலேயே எழுதுங்கள். தராவிட்டால் கொப்பியில் நான்கு நிரல்: மணி, உள்ளே, வெளியே, குறிப்பு. என் கொப்பியில் இப்படி இருந்தது:

காலை 6.10 — ஜீவனி 40
6.45 — சலம் 35, கடும் மஞ்சள்
7.20 — கஞ்சி 30
7.30 — வாந்தி, ஏறக்குறைய 20, கஞ்சி நிறம்
8.00 — சேலைன் 6 முதல் 8 வரை 50 (மிஸ்ஸி சொன்னது)

நடந்த உடனே எழுத வேண்டும். காலை ரவுண்டுக்கு முன் உட்கார்ந்து இரவு முழுவதையும் ஞாபகத்திலிருந்து நிரப்பும் அம்மாமார் உண்டு. நித்திரையில்லாத மூளையை நம்பாதீர்கள். ஆள் மாறும்போது கொப்பியைக் கையில் கொடுத்து, கடைசி வரியை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கோடு கீறி இரண்டு பக்கமும் கூட்டுங்கள்.

8. ஆபத்தான 48 மணி நேரம்

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

கசிவு தொடங்கிவிட்டது என்று ஸ்கானிலோ இரத்தத்திலோ கண்டதும், உங்களிடம் அதுவரை "நல்லாக் குடுங்கோ" என்று சொன்ன அதே ஆட்கள் "இனிச் சொல்லுற அளவுதான்" என்பார்கள். காரணம் இதுதான். இரத்தக் குழாயிலுள்ள நீர் ஓட்டைப் பானையில் வார்த்த தண்ணீர்போல நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் கசிகிறது. குறைவாகக் கொடுத்தால் குழாய் வற்றி, இரத்த அழுத்தம் விழுந்து, பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகும். கூடக் கொடுத்தால் கூடினதும் கசிந்து, நுரையீரலைச் சுற்றி நிரம்பி, மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய பாதை. அதற்காக முழு ஆபத்துக் காலத்துக்கும் சேர்த்து ஒரு மொத்த அளவை வைக்கிறார்கள்.

இலங்கையில் பயன்படும் கணக்கு: ஒரு நாளின் சாதாரணத் தேவை, அதோடு உடல் நிறையின் 5 சதவீதம். சாதாரணத் தேவை என்பது முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீட்டர், அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50, அதற்கு மேல் கிலோவுக்கு 20. 5 சதவீதம் என்றால் கிலோவுக்கு 50.

என் மகள் 20 கிலோ. சாதாரணத் தேவை 1000 + 500 = 1500. 5 சதவீதம் 1000. மொத்தம் 2500 மில்லிலீட்டர். இது ஒரு நாளைக்கு இல்லை, 48 மணி நேரத்துக்கு. 14 கிலோப் பிள்ளைக்கு 1200 + 700 = 1900. 50 கிலோவுள்ள பெரிய பிள்ளைக்கு 4600.

2500ஐ 48ஆல் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 52. ஆனால் சமமாகப் பிரித்து ஓட விடுவதில்லை. தொடக்கத்தில் குறைவாக விட்டு, கசிவு உச்சத்துக்கு வரும்போது கூட்டி, பிறகு இறக்குவார்கள். அதிர்ச்சி வந்து அவசரமாக ஏற்றியதும், வாயால் குடித்ததும் அந்த 2500க்குள்தான். மொத்தம் முடியுமுன் நிலைமை மாறினால் டொக்ரர் வேறு திரவமோ இரத்தமோ யோசிப்பார்.

சலத்துக்கும் ஓர் இலக்கு உண்டு: கிலோவுக்கு மணிக்கு அரை முதல் ஒரு மில்லிலீட்டர். 20 கிலோவுக்கு மணிக்கு 10 முதல் 20. பார்க்கும் முறை: நடுச்சாமம் 12 முதல் காலை 6 வரை 90 மில்லிலீட்டர் போயிருந்தால், 90ஐ 6ஆல் பிரித்தால் 15, அதை 20ஆல் பிரித்தால் 0.75. நல்லது. 0.5க்குக் கீழே போனால் மிஸ்ஸியை உடனே கூப்பிடுங்கள், ரவுண்டுவரை இருக்க வேண்டாம். 1க்கு மேல் போனாலும் சொல்லுங்கள். நிறையச் சலம் போனால் நல்லதுதானே என்று நினைப்போம். இந்த 48 மணிக்குள் அது திரவம் கூடிவிட்டது என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம், சேலைனைக் குறைப்பார்கள்.

பி.சி.வி பார்க்க விரலைக் குத்துவார்கள், சில மணிக்கொருதரம். பிள்ளை கத்தும், பக்கத்துக் கட்டில் ஆச்சி "எத்தினை தரம் குத்துறது" என்று ஏசுவா. குத்தட்டும். கசிந்தால் இரத்தம் தடிக்கும், பி.சி.வி ஏறும். சலம் குறைந்து பி.சி.வி ஏறினால் ஒரு கதை, சலம் குறைந்து பி.சி.வி விழுந்தால் உள்ளே இரத்தம் போகிறதோ என்று வேறு கதை. உங்கள் தாளும் அந்த இலக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கதை விளங்கும். ஒவ்வொரு பி.சி.வியையும் கேட்டு மணியோடு கொப்பியில் எழுதுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

இடையில் உங்கள் கையே ஒரு கருவி. பிள்ளையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருங்கள். முழங்கால்வரை சூடாக இருந்தது பாதத்திலிருந்து குளிர்ந்துகொண்டு வந்தால், விரல் நகத்தை அமத்தி விட்டதும் நிறம் இரண்டு செக்கனுக்குள் திரும்பாவிட்டால், பிள்ளை திடீரென்று அதிகம் தாகம் கேட்டால், கட்டிலில் நிலைகொள்ளாமல் உருண்டால், கூப்பிடுங்கள். அதிர்ச்சி நிலையில் உள்ள பிள்ளை கடைசிவரை தெளிவாகக் கதைக்கக்கூடும். "நல்லாக் கதைக்கிறா, ஒண்டுமில்லை" என்று இருந்துவிட வேண்டாம்.

இன்னொரு பொறி சொந்தக்காரர். "ஏன் ஒரு சேலைனோட விட்டிட்டினம்? இன்னொண்டு போடச் சொல்லு!" சேலைன் கூடினால் வைத்தியம் கூடியது என்று எங்களுக்குள் ஊறிப்போன எண்ணம். டெங்கில் மட்டுமல்ல, 2011இல் வெளியான, உகண்டா, கென்யா, தன்சானியாவில் கடும் காய்ச்சலோடு வந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளில் செய்த ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில்தான் இறப்புக் கூடுதலாக இருந்தது. மாமாவுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாவிட்டால் வாசலில் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிடுங்கள்.

பம்ப் கீச்சிட்டால் நீங்களாக அமத்தாதீர்கள். சேலைன் உருளையை உருட்டி வேகம் மாற்றவே கூடாது. கனூலா போட்ட கை வீங்கினால், நோகிறது என்று பிள்ளை சொன்னால் காட்டுங்கள். குழாய்க்கு வெளியே இறங்கிய சேலைன் தாளில் ஏறியிருக்கும், உடம்பில் ஏறியிருக்காது.

ஒரு குறிப்பு: வயிற்றோட்டத்தில் கணக்கு வேறு. அங்கே போனதை ஈடுசெய்யத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். டெங்கு வாட்டில் படித்ததை அங்கே கொண்டுபோய்ப் பாவிக்காதீர்கள்.

9. மேலிடத்துக்கு அனுப்பினால்

கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. வவுனியாவிலிருந்து அனுராதபுரத்துக்கும் அனுப்பலாம். அரச அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. ஒருவர்தான் கூட ஏறலாம்.

புறப்படுமுன் மூன்று காரியம். கொப்பியில் அந்த நேரம்வரை மொத்தம் கூட்டி, கடைசியாகச் சலம் போன மணியை வட்டமிடுங்கள். மாற்றும் கடிதத்தில் ஆபத்துக் காலம் தொடங்கிய மணியும் இதுவரை கொடுத்த திரவ அளவும் இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். "டொக்ரர், தண்ணிக் கணக்கும் எழுதியிருக்கோ?" என்றால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். அது இல்லாமல் போனால் புதிய இடத்தில் 2500ஐ முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடலாம். ரிப்போட்டுகளையும் தாளையும் கைப்பேசியில் படம் எடுத்து, பின்னால் வரும் ஆளுக்கும் அனுப்புங்கள்.

வழியிலும் எழுதுங்கள். ஏ9இல் ஒன்றரை மணி நேரம் என்பது மணிக்கணக்கு வைக்கும் நோயில் சிறிதல்ல. அனுராதபுரம் என்றால் சிங்களம் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கையில் வைத்திருங்கள். தண்ணீருக்கு "வதுர", சிறுநீருக்கு "முத்ரா". இலக்கங்களைத் தாளில் காட்டினால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

10. செலவு

அரச வைத்தியசாலையில் கட்டில், சேலைன், மருந்து, இரத்தம், ஐ.சி.யூ எதற்கும் கட்டணம் இல்லை. செலவு மற்றப் பக்கத்தால் வரும். தனியார் ஆய்வுகூடத்தில் செய்யும் எஃப்.பி.சி, அன்ரிஜன் இரண்டுக்கும் அரசாங்கம் உச்ச விலை விதித்திருக்கிறது. விலையை முதலே கேட்டு, பில் வாங்குங்கள். மருந்து கையிருப்பில் இல்லை என்று வெளியே வாங்கத் துண்டு தந்தால் அந்தப் பில்லையும் எறியாமல் வையுங்கள். மற்றவை சாப்பாடு, பம்பேர்ஸ், தவணைக்கு வந்துபோகும் ஆளின் பஸ் காசு, திரும்பி வரும் பயணம். எல்லாவற்றையும்விடப் பெரியது உழைப்பு நின்ற நாட்கள். அம்மாவும் அப்பாவும் இரண்டு பேருமே கூலி வேலையென்றால், ஒருவர் வாட்டில், ஒருவர் வேலையில் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். வாசலில் இரண்டு பேரும் குந்தியிருப்பதால் பிள்ளைக்குப் பயன் இல்லை.

11. கசிவு நின்ற பிறகு

கசிந்த நீர் திரும்பக் குழாய்க்குள் வரும் நாள் இது. சலம் திடீரென்று பெருகும், பசி வரும், கைகாலில் சிவப்புத் திட்டு விழுந்து கடிக்கும். எல்லாம் நல்ல குறிகள். சேலைனைக் கழற்றிவிடுவார்கள். "பிள்ளை இன்னும் வாடிப்போய்க் கிடக்கு, ஏன் கழற்றினீங்கள்" என்று சண்டை பிடிக்க வேண்டாம். இந்த நேரத்தில் கூடுதல் திரவம்தான் எதிரி. இமை வீங்குதல், வயிறு இறுகுதல், இருமல், சரிந்து படுக்க முடியாமல் எழும்பி இருத்தல், மூச்சு வேகமாதல் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். தாளை இன்றும் எழுதுங்கள், பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

காய்ச்சல் மருந்து இல்லாமல் 24 மணிக்கு மேல் காய்ச்சல் இல்லாமல், சாப்பாடு இறங்கி, சிறுதட்டு 50,000க்கு மேல் ஏறத் தொடங்கினால் வீட்டுக்கு விடுவார்கள். அதிர்ச்சி நிலைக்குப் போன பிள்ளையை இன்னும் இரண்டு நாளாவது வைத்திருப்பார்கள்.

12. வெளிக்கிடும்போது கேட்டு வாங்க வேண்டியவை

டயக்னோசிஸ் கார்ட். அதில் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா, அனுமதித்த திகதியும் விட்ட திகதியும் சரியா என்று கட்டில் பக்கத்திலேயே பாருங்கள். பிறகு திருத்தப் போனால் பதிவுப் பகுதியில் ஒரு நாள் போய்விடும். வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளையுடன் நின்றதற்கான கடிதத்தையும் அன்றே கேளுங்கள். மாணவர்களுக்கான சுரக்ஷா காப்புறுதி நடைமுறையில் இருக்கிறதா என்று பாடசாலையில் விசாரியுங்கள், அரச ஊழியர் என்றால் அக்ரஹாரா. இரண்டுக்கும் டயக்னோசிஸ் கார்ட் வேண்டும், விண்ணப்பிக்கக் கால எல்லையும் உண்டு. ஆகவே வந்த கிழமையே கேளுங்கள்.

டெங்கு அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியசாலை அறிவிக்கும், பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வருவார். அடையாள அட்டையில் உள்ள விலாசத்தைக் கொடுத்துவிட்டு வேறு வீட்டில் வாழ்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. பிள்ளை கடந்த இரண்டு கிழமை எங்கே படுத்து எழும்பியதோ அந்த விலாசத்தைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் வெறும் வீட்டில் சிரட்டை பொறுக்கிக்கொண்டு நிற்பார்.

டயக்னோசிஸ் கார்டில் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலைக்கு, ஒன்று காப்புறுதிக்கு, ஒன்று கிளினிக் புத்தகத்துக்குள். டெங்கு இன்னொரு தரமும் வரலாம், அப்போது கடுமையாக வரும் வாய்ப்புக் கூட. அடுத்த காய்ச்சலுக்குப் போகும்போது மேசையில் முதலில் வைக்க வேண்டியது அந்த மூன்றாவது பிரதி.